மூச்சுள்ள யாவும்: ஒரு திரைப்படமும் நம் உயிர்க் கொள்கையும்

உயிர்கள் எத்தனை வகைப்படும் என்று வினவினால், நம் இல்லச் சிறார்களும் தயங்காது விடை கூறுவர். ஓரறிவுயிர் தொடங்கி ஐயறிவுயிர் ஈறாக விரல் மடக்கி எண்ணிக் காட்டுவர். நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஆகியவற்றை உடலாகக் கொண்ட உயிர்களும் உண்டு என்று சேர்த்துச் சொல்லும் சிறுவரும் உளர். எனினும் பலருக்கு இஃது ஏட்டுப் பாடமாகவே நின்றுவிடுகிறது. தெருவில் நடக்கும்போதோ, தொழிற்சாலைப் பேருந்தின் சன்னல் வழியே நோக்கும்போதோ அந்த எண்ணிக்கை நம் நினைவுக்கு வருவதில்லை.

அப்பாடத்தைக் கண்ணுக்குப் புலனாக்கும் ஓர் ஆவணப்படத்தை இங்கு ஆராயப் புகுகிறோம். சமயப் பத்திரிகையில் திரைப்படமா என்று மூத்தோர் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. ஆனால் இப்படத்தினுள் நம்மைப் பற்றிய செய்தி ஒன்று இருக்கிறது. அது நமக்கு இனிக்கும் செய்தி அன்று. அதனாலேயே எழுதத் துணிந்தோம்.

படத்தின் பெயர் 'ஆல் தட் பிரீத்ஸ்'. மூச்சுள்ள யாவும் என்று தமிழில் கூறலாம். சௌனக் சென் இயக்கியது. 2022ஆம் ஆண்டு அமெரிக்காவின் சண்டான்ஸ் விழாவிலும், பிரான்சின் கான் விழாவிலும் ஆவணப்படங்களுக்குரிய முதன்மைப் பரிசுகளைப் பெற்றது. 2023இல் ஆஸ்கார் விருதுக்கான இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. அதே ஆண்டில் நம் முதுமலை யானை முகாமைப் பற்றிய 'தி எலிபண்ட் விஸ்பரர்ஸ்' குறும்பட வகையில் ஆஸ்கார் வென்றது. அதன் புகழ் நம் ஊர்களில் பரவிய அளவுக்கு இப்படத்தின் புகழ் பரவவில்லை. யானைக் கன்றைக் கண்டு இரங்குவது எளிது. குப்பைமேட்டுப் பருந்தைக் கண்டு இரங்குவது அத்துணை எளிதன்று போலும்!

நகரத்தையே கதைத்தலைவனாகக் கொண்டு படம் எடுக்கும் வழக்கம் பழையது. 1927இல் வால்டர் ருட்மன் பெர்லின் நகரின் ஒரு நாள் வாழ்வைக் கதையின்றிப் படமாக்கினார். 1982இல் காட்ஃப்ரே ரெஜியோ 'கொயானிஸ்காட்சி' என்னும் படத்தில் ஒரு சொல்லும் பேசாமல், இசையை மட்டும் துணைக்கொண்டு, மலையும் மேகமும் ஒருபுறம், நெடுஞ்சாலையும் தொழிற்சாலையும் மறுபுறம் என்று காட்டினார். அமெரிக்கப் பழங்குடியினரான ஹோப்பி மக்களின் மொழியில் அச்சொல்லுக்குச் சமநிலை இழந்த வாழ்வு என்பது பொருள். இவை சோதனை முயற்சிகள் என்று அழைக்கப்படுகின்றன. விளக்கவுரையாளர் குரல் இல்லை, புள்ளிவிவரம் இல்லை, காண்போனே கண்டு பொருள் கொள்ள வேண்டும். சௌனக் சென்னின் படம் இம்மரபைச் சார்ந்ததே எனினும், ரெஜியோ விண்ணிலிருந்து நோக்கியதை இவர் மண்ணிலிருந்து நோக்குகிறார். நம் கருத்தில் இதுவே உயர்ந்த முறை.

படம் தொடங்கும்போது நள்ளிரவு. டில்லியின் குப்பை நிறைந்த திடல் ஒன்றில் எலிகள் ஓடித் திரிகின்றன. ஒளிப்படக் கருவி தரையோடு தரையாக மெல்ல நகர்கிறது. பின்னால் வாகன விளக்குகள் மங்கலாகச் செல்கின்றன. பிறிதோரிடத்தில் குப்பையின் மீது ஓர் ஆமை ஏற முயல்கிறது. அதற்கப்பால் போக்குவரத்து இரைகிறது. தேங்கிய மழைநீரில் சிறு பூச்சிகள் நெளிய, அந்நீரிலேயே வானூர்தி ஒன்றின் நிழல் கடந்து செல்கிறது. இக்காட்சிகளுக்கு எவரும் விளக்கம் கூறுவதில்லை. நம் முனிவர்கள் நடக்கும்போது முன்னே நான்கு முழ அளவு நிலத்தை நோக்கி அடிவைக்கும் ஈரியா சமிதி நமக்கு நினைவு வந்தது. அந்தப் பார்வையை ஒரு கருவிக்குக் கொடுத்தால் அது என்ன காணும்? ஏறக்குறைய இதைத்தான் காணும்.

படத்தின் நடுவே நிற்போர் நதீம் ஷெஹ்சாத், முகமது சவூத் என்னும் இரு உடன்பிறப்புகளும், அவர்தம் உதவியாளரான சாலிக் ரஹ்மான் என்னும் இளைஞரும் ஆவர். வடகிழக்கு டில்லியின் வசீராபாத்தில், சோப்புக் கரைசல் ஊற்றும் கருவிகள் செய்யும் சிறு தொழிலைக் குடும்பத்தோடு நடத்துபவர்கள். அத்தொழில் நடக்கும் நிலவறையிலேயே அடிபட்ட கரும்பருந்துகளுக்குச் சிகிச்சை செய்கின்றனர். 2010இல் இதற்கென ஓர் அமைப்பையும் நிறுவினர். இருபது ஆண்டுகளில் அவர்கள் கைப்பட்ட பருந்துகள் இருபதாயிரத்துக்கு மேல். இளமையில் உடற்பயிற்சியில் ஈடுபட்டபோது தசை, நரம்பு பற்றி அறிந்ததே அவர்களுக்கு முதற்பாடமாயிற்று.

டில்லியில் பருந்து விழுவதற்குப் பெருங்காரணம் பட்டம் விடும் மாஞ்சா நூல். கண்ணாடித் தூள் பூசிய நூல் இறக்கையின் தசையையும் எலும்பையும் அறுத்துவிடுகிறது. நகரின் மாசுபட்ட காற்றும் படம் முழுவதும் ஒரு திரைபோல் தொங்குகிறது. ஆயினும் படம் பருந்தைப் பரிதாபப் பொருளாக மட்டும் காட்டவில்லை. 1984இல் தொடங்கப்பெற்று, 2002இலேயே கொள்ளளவு நிறைந்த பின்னும் வளர்ந்துகொண்டேயிருந்த காசிப்பூர்க் குப்பை மலையின் மீது ஆயிரக்கணக்கான பருந்துகள் வட்டமிட்டு இறைச்சிக் கழிவை உண்டு தீர்க்கின்றன. மனிதர் எறிந்த சிகரெட்டுத் துண்டுகளைக் கூட்டில் வைத்து ஒட்டுண்ணிகளை விரட்டுகின்றன. நகரம் உயிர்களை அழிப்பது மட்டுமன்று. எஞ்சியவற்றைத் தன் குப்பைக்கு ஏற்ப மாற்றியும் விடுகிறது.

இவ்விடத்தில் கழுகைப் பற்றி ஒன்று கூறாமல் இருக்க முடியவில்லை. பிணந்தின்னிக் கழுகுகள் 1990களில் இந்தியாவெங்கும் மடிந்தன. கால்நடைகளின் வலி போக்கக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்னும் மருந்தே காரணம். அம்மருந்துண்ட மாடு இறந்தபின் அதன் உடலைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் பழுதாயிற்று. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. அதற்குள் மிகப்பெரும் பகுதி அழிந்துவிட்டது. தமிழகத்தில் இன்று அவற்றின் புகலிடம் நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. ஒரு பசுவின் நோவைத் தீர்க்கக் கொடுத்த மருந்து, எண்ணற்ற பறவைகளைக் கொன்றது. அறியாமையோடு கூடிய தயை எங்கே கொண்டு விடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இனி நம்மைப் பற்றிய செய்திக்கு வருவோம். உடன்பிறப்புகள் இளைஞராக இருந்தபோது காயமுற்ற பருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு பறவை மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றனர். ஊன் உண்ணும் பறவை என்று கூறி அதனை ஏற்க மறுத்துவிட்டனர். அதன் பின்னரே தாமே சிகிச்சை செய்யத் தொடங்கினர். செங்கோட்டைக்கு எதிரே லால் மந்திர் திகம்பர ஆலய வளாகத்தில் நம்மவர் நடத்தும் புகழ்பெற்ற பறவை மருத்துவமனையின் வழக்கமும் ஒருவாறு இத்தகையதே. புறா, கிளி முதலியவை அங்கே தங்கிக் குணமடையும். ஊன் உண்ணும் பறவைகளைத் தங்கவைத்துப் பேணுவதில்லை.

இதனை வசைபாட நாம் எழுதவில்லை. உலகில் வேறெவரும் எண்ணாத காலத்திலேயே பறவைக்கு மருத்துவமனை கண்ட சமுதாயம் நம்முடையது. அவ்வழக்கத்துக்கும் வலுவான காரணம் உண்டு. நோயுற்ற பருந்தைத் தங்கவைத்தால் அதற்கு இரை கொடுக்க வேண்டும். இரை என்பது ஊன். அந்த உடன்பிறப்புகள் எருமை இறைச்சியை அரைத்து ஊட்டுவதைப் படத்திலேயே காண்கிறோம். அணுவிரதம் ஏற்ற சிராவகன் ஓர் உயிரைக் காக்க மற்றோர் உயிரின் ஊனை விலைக்கு வாங்கலாமா? இது விளையாட்டு வினா அன்று.

ஆனால் இரண்டு வினாக்களை நாம் ஒன்றாகக் கலந்துவிட்டோம். ஊன் கொடுப்பதா என்பது ஒன்று. ஊன் உண்ணும் உயிர் நம் இரக்கத்துக்கு உரியதா என்பது மற்றொன்று. முதலாவது ஐயத்துக்கு இடமானது. இரண்டாவதில் ஐயமே இல்லை. நம் புராணங்களை நினைத்துப் பார்ப்போம்.

பகவான் வர்த்தமானரின் முற்பிறவிகளுள் ஒன்று சிங்கம். மானைக் கொன்று தின்றுகொண்டிருந்த அச்சிங்கத்தின் முன் இரு சாரண முனிவர்கள் இறங்கி அறமுரைத்தனர் என்பது உத்தரபுராணச் செய்தி. வாயில் குருதியோடு நின்ற விலங்கை அவர்கள் அணுக மறுத்திருந்தால்? கமடன் மூட்டிய தீயில் வெந்த பாம்புகளுக்குப் பார்சுவ குமாரர் இரங்கினார். பாம்பு புல்லையா மேய்கிறது? சீவக சிந்தாமணியில், அடிபட்டு உயிர்விடும் நாயின் செவியில் சீவகன் பஞ்ச மந்திரம் ஓதுகிறான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாகிறது. நாயின் உணவு யாதென்று அவன் ஆராயவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இரவிசேனரின் பத்மபுராணத்தில் வரும் சடாயு. அது கழுகு, நம் பருந்தின் நெருங்கிய இனம். முனிவரைக் கண்டு அறம் பெற்று விரதமும் ஏற்றது. சீதை அதனைப் பேணினாள். இறக்கும் தறுவாயில் இராமன் அதற்கு நமஸ்கார மந்திரம் ஓதினான்.

சிங்கமும் கழுகும் ஊனைத் துறந்தனவே, டில்லிப் பருந்து துறக்குமா என்று கேட்போர் இருக்கலாம். துறக்காது. ஆனால் நாய்க்கு மந்திரம் ஓதியபோது சீவகன் விரதம் கேட்டு ஓதவில்லை. துன்புறும் உயிர் என்னும் ஒரே தகுதி அங்கே போதுமானதாக இருந்தது.

படத்தின் பெயரையே எடுத்துக்கொள்வோம். மூச்சுள்ள யாவற்றிலும் வேற்றுமை பாராட்டலாகாது என்பது அவ்வுடன்பிறப்புகளுக்கு அவர்தம் அன்னை கற்பித்தது. அவர்கள் இஸ்லாமியர், நம் நூல்களைப் பயின்றவர் அல்லர். ஆனால் மூச்சு என்னும் அச்சொல் நம் தத்துவத்தில் எவ்வளவு தொலைவு செல்கிறது என்று பாருங்கள். பிராணன்கள் பத்து: ஐம்பொறிகள், மனம் வாக்கு காயம் என்னும் மூன்று பலங்கள், உச்சுவாசம், ஆயுள். மனமுள்ள ஐயறிவுயிருக்குப் பத்தும் உண்டு. ஓரறிவுயிருக்கு நான்கு: தொடுபொறி, உடல்வலி, ஆயுள், உச்சுவாசம். பரியாப்தி நிறைந்த உயிர் எதுவாயினும், அது நீரை உடலாகக் கொண்டதாயினும், மண்ணை உடலாகக் கொண்டதாயினும், மூச்சு அதற்கு உண்டு. ஆகவே மூச்சுள்ள யாவும் என்று அந்த அன்னை சொன்னபோது எலியும் பருந்தும் அவர் எண்ணத்தில் இருந்திருக்கும். நம் கொள்கையின்படி அந்தத் தேங்கிய நீரும் அதனுள் அடங்கும்.

இந்தக் கண்ணோடு நம் பக்கத்து நிலம் ஒன்றைப் பார்ப்போம். தாம்பரத்துக்கு மேற்கே உள்ள மணிமங்கலத்தை நம்மவர் பலர் அறிவர். வேலை நிமித்தம் வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கங்களிலிருந்து வந்து தாம்பரம் முதல் ஒரகடம் வரை குடியேறிய குடும்பங்கள் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களுள் ஒன்று இவ்வூர். இங்குள்ள பெருமாள் கோயிலின் சோழர் கல்வெட்டுகள் வரலாற்றாய்வாளர் போற்றுவன. அக்காலந்தொட்டு நெல்லும் ஏரியுமாக இருந்த சுற்றுப்புறம், ஒரு தலைமுறைக்குள் உருமாறியது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா வந்தது, 2014இல் மூடப்பட்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை, 2013இல் என்ஃபீல்டு. நம் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட தொழில்கள் இவை. இவற்றைப் பழித்துப் பேசுவது நன்றியன்று.

ஆயினும் காண வேண்டியவற்றைக் காண வேண்டும். மணிமங்கலம் ஏரியின் உபரிநீர் அடையாற்றுக்குச் செல்வது. ஆதனூர், படப்பை, சோமங்கலம் என்று அண்டை ஏரிகளின் நீரும் அவ்வாற்றிலேயே சேரும். 2015ஆம் ஆண்டு இறுதியில் பெருமழை பொழிந்தபோது, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகள் முதல் தளம் நோக்கி மூழ்கின. நீர் புதிதாக வழி தேடவில்லை. தன் பழைய வழியிலேயே வந்தது. வழியில் நாம் வீடு கட்டியிருந்தோம். ஏரி குளங்களை வற்றச் செய்வதைச் சிராவகர் விலக்க வேண்டிய பதினைந்து கொடுந்தொழில்களுள் ஒன்றாக ஹேமசந்திரர் யோகசாஸ்திரத்தில் வைத்துள்ளார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஏரியை வற்றவைத்தவன் மீன் பிடிக்கவோ பயிரிடவோ அதைச் செய்திருப்பான். இன்று மனைப்பிரிவு போடுவோர் செய்கின்றனர். அம்மனையை வாங்குவோர் நம்மில் இல்லையா?

இரவில் அப்பகுதி வழியே செல்வோர் ஆலை மதிற்சுவர்களின் பெருவிளக்குகளைக் கண்டிருப்பர். விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் புகைபோல் மொய்க்கும். விடியலில் கீழே உதிர்ந்து கிடக்கும். இரவில் உண்ணாமை நம் மரபானது எதனால் என்று இளையோர் கேட்கும்போது, இக்காட்சியைக் காட்டினால் போதும். அகல்விளக்கின் ஒளிக்கே பூச்சி வந்து விழும் என்று கண்டவர்கள் நம் முன்னோர்.

இம்சையை நால்வகையாகப் பிரிப்பது நம் வழக்கம். கொல்லவேண்டும் என்று எண்ணிச் செய்வது, இல்லற வேலைகளில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. இல்லறத்தான் முதலாவதை முற்றும் விடவேண்டும். மற்றவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். தொழிற்சாலையால் நேர்வது மூன்றாவது. மாஞ்சா நூல் எதில் அடங்கும்? கொல்லும் எண்ணம் பட்டம் விடுபவனுக்கு இல்லை. சமையல் அன்று, பிழைப்பும் அன்று, தற்காப்பும் அன்று. இதற்காகவே அனர்த்த தண்டம் என்று தனிப் பெயர் வைத்தனர் போலும். பயனின்றி நிலத்தைத் தோண்டல், நீரைச் சிந்தல், தீ மூட்டல், செடியை முறித்தல் ஆகியவற்றைச் சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் பிரமாத சரியை என்னும் தலைப்பில் வைத்தார். அந்நூலின் வழிவந்த நம் அருங்கலச்செப்பும் இதனைப் பேசுகிறது. பெரும்பாலான நகரத் தீங்குகள் இவ்வகையே என்பது நம் எண்ணம். எவரும் பருந்தை வெறுப்பதில்லை. எவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை, அவ்வளவே.

பாடசாலை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படத்தைக் காட்ட வாய்ப்பிருப்பின், வேகமான காட்சிகளுக்குப் பழகிய பிள்ளைகள் முதற் கால்மணி நேரம் சலிப்புறுவர் என்பதை எதிர்பாருங்கள். எத்தனை அறிவுடைய உயிர்கள் திரையில் தோன்றின என்று குறித்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். சலிப்பு நீங்கிவிடும். 2020 பிப்ரவரியில் வடகிழக்கு டில்லியில் நேர்ந்த கலவரத்தின் அச்சமும் பின்னணியில் உள்ளது. சிறு பிள்ளைகளுக்கு அதனை முன்கூட்டி எடுத்துரைப்பது நலம்.

அடிபட்ட பருந்தை நீங்களே காண நேர்ந்தால் செய்ய வேண்டியது கடினமன்று. கனத்த துணியை மேலே போர்த்தி, நகமும் அலகும் படாதவாறு எடுத்து, காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள். வாயில் நீர் ஊற்றலாகாது, சோறும் ஊட்டலாகாது. 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதனை வீட்டில் வைத்திருத்தல் கூடாதாகையால், காலம் தாழ்த்தாது வனத்துறையினரிடமோ, 1959இல் தொடங்கப்பெற்றுச் சென்னை வேளச்சேரியில் இயங்கும் புளூ கிராசிடமோ ஒப்படையுங்கள். இரை கொடுக்கும் பொறுப்பு அதை ஏற்றவர்களுடையது. மருந்து, கட்டுத்துணி, கூண்டு, வாகனச் செலவு ஆகியவற்றுக்கு நாம் பொருள் தரலாம். இவற்றால் எந்த விரதத்துக்கும் ஊறில்லை. டில்லி உடன்பிறப்புகள் நிதியின்றி ஆண்டுக்கணக்கில் அல்லலுற்றதைப் படத்தில் காணும்போது, நம்மவர் அன்றே இவ்வழியை எண்ணியிருக்கலாமே என்று தோன்றியது.

மாஞ்சா நூல் தமிழகத்திலும் தடை செய்யப்பட்டதே. ஆயினும் கோடை விடுமுறைக்குப் பின் ஏரிக்கரை மரங்களில் அறுந்த நூல்கள் தொங்குவதைக் காணலாம். துரட்டியால் அவற்றை இழுத்துச் சுருட்டி எடுப்பது பிள்ளைகளும் பெரியவர்களோடு சேர்ந்து செய்யக்கூடிய வேலை; கையில் துணி சுற்றிக்கொள்க. எடுத்த நூலைச் சாண் அளவுத் துண்டுகளாக வெட்டிய பின்னரே குப்பையில் இடவேண்டும். முழு நூலாக இட்டால், குப்பைமேட்டில் இரை தேடும் பறவையின் காலில் அதுவே மீண்டும் சுற்றும்.